இரண்டு லெக்கில் முடியும் ஆட்டம்: ஸ்டெஃபன் லார்டின் இரு வெற்றிகள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு தனிநபர் டார்ட்ஸ் போட்டியின் பட்டியலில் வெற்றியாளரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பப்பின் பெயர் இருப்பது வழக்கம். பாபி ஜார்ஜ் என்றால் இல்ஃபோர்டின் கிங் ஜார்ஜ் ஃபிஃப்த், எரிக் பிரிஸ்டோ என்றால் ஃபோமிங் குவார்ட். எந்த பப்புக்காக ஆடித் தகுதி பெற்றாரோ, அதுதான் ஆட்டக்காரரின் முகவரி. 1978க்கு எதிரே பப் இல்லை. ஸ்டெஃபன் லார்ட், ஸ்டாக்ஹோம் சூப்பர் டார்ட்ஸ் கிளப் என்று இருக்கிறது. பிரிட்டனுக்கு வெளியிலிருந்து வந்து அந்தக் கோப்பையை எடுத்துப்போன முதல் ஆள் அவர். 1979இல் பாபி ஜார்ஜ் வென்றார். 1980இல் லார்ட் மறுபடி வந்து வென்றார்.

இந்த இரு வெற்றிகளையும் பற்றி டார்ட்ஸ் உலகில் இரண்டு விதமான பேச்சு உண்டு. அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய போட்டி இல்லை, அதை இருமுறை வென்றவர் முதல் வரிசை ஆட்டக்காரர் என்பது ஒன்று. மூன்று லெக்கில் (லெக் என்பது 501இலிருந்து சுழியம் வரை இறங்கும் ஒரு சுற்று) இரண்டு எடுத்தால் போதும் என்ற போட்டி குலுக்கல் சீட்டு மாதிரி, அதை வைத்து யாரையும் எடைபோட முடியாது என்பது மற்றொன்று. போட்டி எப்படிப்பட்டது என்பதில் இரண்டாவது தரப்பு சொல்வது பெரிதும் சரி. லார்டைப் பற்றிய அதன் முடிவுதான் தவறு. கணக்கைப் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஏன் ஒரே நேரத்தில் உண்மையாக முடியும் என்பது தெரியும்.

போட்டியின் அமைப்பு

நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு 2011இல் நின்றுபோன ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை. அது 1927இல் லண்டனில் தொடங்கிய போட்டி, போருக்குப் பின் 1947-48இல் நாடு முழுவதற்குமானதாயிற்று. பப்புக்குள் ஒரு வெற்றியாளர், அவர்களிலிருந்து வட்டாரத்துக்கு ஒருவர், பிறகு கவுண்டி, பிறகு மண்டலம், கடைசியில் மாபெரும் இறுதி நாள். எங்கே தோற்றாலும் அடுத்த வருடம் பப்பிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும். தரவரிசை, சலுகை இடம் எதுவும் கிடையாது. உலகச் சாம்பியனும் பக்கத்துத் தெரு ஆளும் ஒரே வாசலில்தான் நுழைய வேண்டும். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் தங்கள் நாட்டில் தகுதி பெற்று இறுதி நாளுக்கு வந்தார்கள்.

ஆட்டம் 501, எடுக்கும் மதிப்பெண்ணை அதிலிருந்து கழித்துச் சரியாகச் சுழியத்துக்கு வர வேண்டும். முதல் டார்ட்டிலிருந்தே எண்ணிக்கை குறையும், தொடங்குவதற்கு டபுள் (எண்ணின் இரு மடங்கு தரும் வெளிவளையம்) தேவையில்லை. முடிப்பதற்கு மட்டும் டபுள் வேண்டும். மூன்று லெக்கில் இரண்டு எடுத்தவர் வென்றார். பப்பில் நடக்கும் முதல் சுற்றிலிருந்து வெம்பிளி அரங்கின் இறுதி ஆட்டம் வரை அளவு அதேதான். இறுதிப் போட்டி என்பதற்காக ஒரு லெக்கைக்கூடக் கூட்டமாட்டார்கள்.

இன்றைய ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இந்தக் கடைசி விவரத்தைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். இன்று ஓர் உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் இரண்டு மணி நேரம் போகலாம். நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு இறுதி ஆட்டம் ஒருவர் நன்றாக எறிந்தால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு லெக்கை 18 டார்ட்டில் முடிப்பவர் இரண்டு லெக்குக்கு எறிவது மொத்தம் 36 டார்ட், அதாவது 12 முறை கோட்டுக்கு வந்து போவது. தடுமாறி, நிதானித்து, மீண்டு வர அதற்குள் இடமே இல்லை.

குலுக்கல் சீட்டு எந்த அளவுக்கு

ஓர் ஆட்டக்காரர் எதிராளியைவிட நல்லவர், சராசரியாக 100 லெக்கில் 60 எடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். டார்ட்ஸில் இது பெரிய இடைவெளி. மூன்று லெக் ஆட்டத்தில் அவர் வெல்லும் வாய்ப்பு 64.8 சதவீதம். அதாவது மூன்றில் ஒரு தடவைக்கு மேல் சாதாரண ஆள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதே இருவரும் ஏழு செட் ஆட்டம் (நான்கு செட் எடுத்தவருக்கு வெற்றி) ஆடினால், ஒவ்வொரு செட்டும் ஐந்து லெக் (மூன்று எடுத்தவருக்குச் செட்) என்றால், நல்லவர் வெல்லும் வாய்ப்பு 85 சதவீதமாக ஏறும். திறமையில் துளி மாற்றமில்லை. ஆட்டத்தின் நீளம் மட்டுமே இருபது சதவீதத்தைத் தூக்கிக் கொடுக்கிறது.

இறுதி நாளில் நான்கு ஆட்டம் வரிசையாக வெல்ல வேண்டும் என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். லெக்குக்கு 60 சதவீதக்காரர் பட்டம் வெல்லும் வாய்ப்பு 18 சதவீதம்தான். 70 சதவீதக்காரருக்கு 38 சதவீதம். எதிரிகள் அனைவரையும் ஐந்து லெக்கில் நான்கில் தோற்கடிக்கக்கூடிய, அப்படி ஒருவர் இருந்தால், அவருக்கே 64 சதவீதம். குலுக்கல் சீட்டு என்கிறவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். ஒரு வருடத்துப் பட்டத்துக்கு அவர்கள் வாதம் பொருந்தும்.

மூன்று வருடத்தில் இரண்டு பட்டம் என்பது வேறு கணக்கு. எதிரிகளுக்குச் சமமான, 50 சதவீத ஆட்டக்காரர் ஒருவர் மூன்றுமுறை இறுதி நாளுக்கு வந்து இரண்டு பட்டமாவது எடுக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1.1 சதவீதம், தொண்ணூறில் ஒன்று. 60 சதவீதக்காரருக்கு 8. 65 சதவீதக்காரருக்கு 17. 70 சதவீதக்காரருக்கு 32. இந்த வரிசையைக் கீழிருந்து மேலாகப் படித்தால் போதும். 1978, 1980 முடிவுகளைத் தற்செயல் என்று தள்ள வேண்டுமானால் நூற்றில் ஒன்று நடந்துவிட்டது என்று நம்ப வேண்டும். இறுதி நாளுக்கு வரும் ஆட்களைவிட லார்ட் தெளிவாக ஒரு படி மேலே இருந்தார் என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் இயல்பாகப் பொருந்துகிறது. போருக்குப் பிந்தைய காலம் முழுவதும் சேர்த்து இந்தப் பட்டத்தை இருமுறை வென்றவர்கள் ஏழு பேர்தான்: டாமி கிப்பன்ஸ், டாம் ரெடிங்டன், டாம் பாரெட், லார்ட், பாபி ஜார்ஜ், பிரிஸ்டோ, மைக் கிரிகரி. மூன்றுமுறை வென்றவர் யாருமில்லை. ஐந்துமுறை உலகச் சாம்பியனான பிரிஸ்டோவாலேயே மூன்றாவது கிடைக்கவில்லை என்பது போட்டியின் கொடுமையைக் காட்டுகிறது.

எட்டு அடி

லெக் எண்ணிக்கையைவிடக் குறைவாகப் பேசப்படும் ஒரு விஷயம், எறியும் தூரம். எறிபவர் கால்வைக்கும் கோட்டை ஓக்கி என்பார்கள். உலக டார்ட்ஸ் கூட்டமைப்பின் அளவில், இன்று எல்லா இடத்திலும் பழகிய அளவில், போர்டின் முகத்திலிருந்து ஓக்கி வரை 2.37 மீட்டர், அடிக்கணக்கில் 7 அடி 9¼ அங்குலம். நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு தன் பழைய எட்டு அடியை விட்டுக்கொடுக்கவில்லை. எட்டு அடி என்றால் 2.438 மீட்டர். வித்தியாசம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர்.

ஏழு சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். டார்ட் நேர்க்கோட்டில் போவதில்லை. வளைந்து மேலேறி, போர்டை நெருங்கும்போது கீழ்நோக்கிச் சரிந்தபடி குத்துகிறது. அந்தச் சரிவு 10 பாகை என்று கொண்டால், அதே வேகத்தில் அதே கோணத்தில் எறிந்த டார்ட், 7 சென்டிமீட்டர் பின்னாலிருந்து எறியும்போது ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் கீழே குத்தும். ட்ரெபிள் வளையத்தின் (எண்ணின் மும்மடங்கு தரும் உள்வளையம்) அகலம் 8 மில்லிமீட்டர்தான். நடுவில் குத்த வேண்டிய டார்ட் வளையத்தைவிட்டே கீழிறங்கி வெறும் 20இல் நிற்கும். 60 வர வேண்டிய இடத்தில் 20.

இதைச் சரிசெய்ய ஆட்டக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் முதல் தவறு, கொஞ்சம் பலமாக எறிவது. வேகத்தைக் கூட்டினால் தோள் உள்ளே வருகிறது, முழங்கை விழுகிறது, இடம் வலமாகச் சிதறல் தொடங்குகிறது. சரியான வழி, குறி வைக்கும் புள்ளியை ட்ரெபிளின் மேல்கம்பிக்கும் மேலே நகர்த்திவிட்டுக் கை வேகத்தை அப்படியே விடுவது. அதற்குக் குறைந்தது சில வாரம் எட்டு அடியிலேயே ஆடிப் பழகியிருக்க வேண்டும். போட்டி நாள் காலையில் மேடையில் கற்றுக்கொள்ளக்கூடியது அல்ல.

வீட்டில் எட்டு அடியை அளந்து பார்க்க நினைப்பவர்களுக்கு: சுவரிலிருந்து அளக்காதீர்கள். சிசல் நாரால் ஆன போர்டு ஒன்றரை அங்குலத் தடிமன் உடையது. சுவரிலிருந்து அளந்தால் ஓக்கி அந்த அளவு முன்னால் வந்துவிடும். போர்டின் முகத்திலிருந்து ஒரு தூக்குநூல் விட்டு, அது தரையைத் தொடும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். போர்டின் மையமான ‘புல்’லின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர். சரிபார்க்க மூலைவிட்டம்: புல் நடுவிலிருந்து ஓக்கியின் முன்விளிம்பு வரை, 2.37 மீட்டர் கோட்டுக்கு 2.93 மீட்டர், எட்டு அடிக் கோட்டுக்கு 2.99 மீட்டர். இந்த மூலைவிட்டம் சரியாக வந்தால்தான் தரை சாய்ந்திருந்தாலும் அளவு ஒழுங்காக இருக்கும்.

ஸ்வீடன் 1976இல் உலக டார்ட்ஸ் கூட்டமைப்பைத் தொடங்கிய 14 நாடுகளில் ஒன்று. அதனால் சர்வதேச அளவும் பிரிட்டிஷ் பத்திரிகையின் அளவும் ஒத்துப்போகாத காலத்தில் ஒரு ஸ்வீடன்காரர் இரண்டு தூரங்களுக்கும் தன் கையைப் பழக்க வேண்டியிருந்தது. ஊர் பப்பில் எட்டு அடிக் கோட்டில் வளர்ந்தவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. லார்டின் இரண்டு பட்டங்களையும் எடைபோடும்போது இந்தச் சுமையையும் தட்டில் வைக்க வேண்டும். பலர் வைப்பதில்லை.

லெக் எங்கே கைமாறுகிறது

சமமான இருவர் ஆடும்போது முதலில் எறிபவருக்கே லெக் சொந்தம். இருவரும் 18 டார்ட் ஆட்டக்காரர்கள் என்றால், முதலில் எறிபவர் ஆறாவது முறையில் முடித்துவிடுவார். மற்றவர் ஐந்து முறையே வந்திருப்பார். எனவே எதிராளியின் லெக்கைப் பறிக்க ஒருவர் முழுதாக மூன்று டார்ட் வேகமாக இருக்க வேண்டும், அல்லது முன்னால் எறிபவர் டபுளில் தவற வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும்.

ஒரு லெக்கை எடுத்துக்கொள்வோம். முதல் நான்கு முறையில் 100, 85, 100, 140. மீதம் 76. ஐந்தாவது முறை வருகிறார். வழக்கமான பாதை ட்ரெபிள் 20, டபுள் 8. முதல் டார்ட் ட்ரெபிளைத் தவறவிட்டு வெறும் 20இல் குத்துகிறது, மீதம் 56. இரண்டாவது டார்ட் 16இல், மீதம் 40. டபுள் 20க்கு ஒரே டார்ட். ட்ரெபிள் விழுந்திருந்தால் டபுளுக்கு இரண்டு டார்ட் இருந்திருக்கும். இப்போது ஒன்று. டபுளில் மூன்றுக்கு ஒன்று குத்துகிற ஆட்டக்காரர் என்றால், 76இல் ட்ரெபிள் தவறிய அந்த ஒரு கணம் அவருடைய வாய்ப்பை ஐம்பத்தாறு சதவீதத்திலிருந்து முப்பத்துமூன்றுக்கு இறக்கிவிட்டது. எதிரே 60 மீதத்தில் காத்திருப்பவருக்கு 20 எறிந்துவிட்டு டபுள் 20க்கு இரண்டு டார்ட் கிடைக்கும். லெக் கைமாறிவிட்டது.

நீண்ட ஆட்டத்தில் இப்படி ஒன்று நடந்தால் திருப்பி எடுக்கலாம். மூன்று லெக்கில் இது நடந்தால் பாதி ஆட்டம் போய்விட்டது. மூன்றுக்கு ஒன்று குத்துபவர் மூன்று டார்ட்டும் டபுளைத் தவறவிடும் வாய்ப்பு 30 சதவீதம். ஐந்துக்கு இரண்டு குத்துபவருக்கு 22. நான்குக்கு ஒன்று குத்துபவருக்கு 42. ஸ்கோர் எடுப்பதில் மூவரும் சமமாக இருந்தாலும் மூன்று லெக் ஆட்டத்தில் இந்த எண்களே தீர்ப்பு எழுதும். டபுளில் கை நடுங்காதவருக்கே இந்தப் போட்டி சொந்தம் என்று அந்தக் கால ஆட்டக்காரர்கள் நம்பியதற்குக் காரணம் இதுதான்.

எதை மீதம் வைப்பது என்பதும் இங்கே தனி முக்கியத்துவம் பெறுகிறது. 52 மீதம், கையில் ஒரே டார்ட். 12 எறிந்து 40 வைக்கலாம், 20 எறிந்து 32 வைக்கலாம். 32 மேல். டபுள் 16க்கு எறிந்து உள்பக்கம் தவறினால் 16 குறைந்து டபுள் 8 கிடைக்கும். மறுபடி உள்ளே தவறினால் டபுள் 4, பிறகு 2, பிறகு 1. ஒற்றைப்படைக்குப் போகவே போகாது. அதோடு 16உம் 8உம் போர்டில் அடுத்தடுத்து இருப்பதால் கண்ணைத் தூரம் நகர்த்த வேண்டியதில்லை. 40இல் உள்ளே தவறினால் 20, மறுபடி தவறினால் 10, மறுபடி தவறினால் 5. அங்கே வழி அடைபடும், ஒரு டார்ட்டை வீணாக்கி 4க்கு வர வேண்டும். இன்னொரு விஷயம்: டபுளுக்கு வெளியே குத்திய டார்ட் எதையும் குறைக்காது, மீதம் அப்படியே நிற்கும். உள்ளே தவறினால்தான் எண் மாறி, அடுத்த டார்ட்டுக்குப் புதுக் குறி தேட வேண்டும். அதனால் டபுளுக்கான முதல் டார்ட்டை வெளிவிளிம்பை ஒட்டி எறிவது நல்ல பழக்கம்.

அந்தக் காலப் போர்டுகளின் கம்பி உருண்டையானது, அதை இறுக்கும் ஊக்குகள் வெளியே தெரியும். கம்பியில் பட்ட டார்ட் தெறித்துக் கீழே விழும். விழுந்த டார்ட்டுக்கு மதிப்பெண் இல்லை, மறுபடி எறியவும் முடியாது. இன்றைய மெல்லிய, கூர்முக்கோணக் கம்பிகளில் இது அரிது. 1970களில் ஒவ்வொரு லெக்கிலும் கணக்கில் வைக்க வேண்டிய நட்டம். பித்தளை டார்ட்டிலிருந்து டங்ஸ்டனுக்கு ஆட்டம் நகர்ந்த காலமும் அதுதான். டங்ஸ்டன் கலவை பித்தளையைவிட ஏறக்குறைய இரு மடங்கு அடர்த்தி. அதே எடையையும் நீளத்தையும் வைத்துக்கொண்டால் விட்டம் முப்பது சதவீதம் சுருங்கும். எட்டு மில்லிமீட்டர் வளையத்தில் மூன்று டார்ட் நிற்க வேண்டிய ஆட்டத்தில், ஏற்கெனவே குத்தியிருக்கும் டார்ட் அடுத்ததை மறிக்காமலிருக்க அந்தச் சுருக்கம் பேருதவி.

நீண்ட ஆட்டத்தின் சாட்சி

இதுவரை பார்த்தது எல்லாம் குறுகிய ஆட்டத்தின் சாட்சி. லார்டின் விஷயத்தில் நல்வாய்ப்பாக வேறு சாட்சியும் இருக்கிறது.

1978 பிப்ரவரியில் நாட்டிங்ஹாமில் ஹார்ட் ஆஃப் தி மிட்லாண்ட்ஸ் என்ற கேளிக்கை விடுதியில் முதல் உலகத் தொழில்முறைச் சாம்பியன்ஷிப் நடந்தது. 16 பேர். செட் இல்லை, நேராக லெக் கணக்கு, ஆனால் நிறைய லெக். இறுதி ஆட்டத்தில் லெய்டன் ரீஸ் ஜான் லோவை 11-7 என்று வென்றார், பரிசு 3,000 பவுண்டு. அரையிறுதியில் லோவிடம் தோற்றவர் லார்ட். அரையிறுதிக்கு வர அவர் இரண்டு நீண்ட ஆட்டங்களை வெல்ல வேண்டியிருந்தது, அதுவும் அழைக்கப்பட்ட 16 பேருக்குள். அப்போது அவருக்கு வயது 23.

நான்கு வருடம் கழித்து, 1982இல் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டின் ஜாலீஸ் அரங்கில் மறுபடி அரையிறுதி. இப்போது செட் கணக்கு வந்துவிட்டது. அந்தமுறை அவரை நிறுத்தியவர் ஜாக்கி வில்சன். இறுதியில் லோவை 5-3 என்று வென்று ஸ்காட்லாந்துக்கு முதல் உலகப் பட்டம் கொண்டுபோனவர்.

இந்த இரண்டு அரையிறுதிகளும்தான் வழக்கின் முக்கிய ஆதாரம். செட் ஆட்டத்தில் பலவீனமானவருக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறுகியது. 45 சதவீத லெக் எடுப்பவர் மூன்று லெக் ஆட்டத்தில் 42.5 சதவீதம் வெல்வார். ஏழு செட் ஆட்டத்தில் 30. 40 சதவீத லெக் எடுப்பவருக்கு 35 சதவீதம், 15 ஆகச் சரிந்துவிடும். குறுகிய ஆட்டத்தில் மட்டும் கெட்டிக்காரர் என்பவர் இந்த வடிகட்டியில் முதல் சுற்றிலேயே சிக்கிக்கொள்வார். லார்ட் நான்கு வருட இடைவெளியில் இருமுறை கடைசி நால்வரில் நின்றார். ஒருமுறை லெக் கணக்கில், ஒருமுறை செட் கணக்கில். பத்திரிகைப் போட்டியின் இரு பட்டங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குலுக்கல் சீட்டு வாதத்துக்கு நிற்க இடமில்லை.

ஏன் அரையிறுதிக்கு மேல் இல்லை

இதற்கு நேர்மையான பதில், எதிரே இருந்தவர்கள். 1978இன் லோவும் 1982இன் வில்சனும் அந்தந்த வாரத்தில் இறுதி ஆட்டம் வரை போனவர்கள். 55 சதவீத லெக் எடுப்பவரிடம் ஐந்து லெக் செட் ஒன்றைத் தோற்கும் வாய்ப்பு 59 சதவீதம். ஏழு செட்டாக நீண்டால் அது 70ஐத் தொடும். அரையிறுதியில் உங்களிடம் 100 லெக்கில் 55 எடுப்பவர் எதிரே வந்தால் நீண்ட ஆட்டம் அந்தச் சிறு இடைவெளியைக் கண்ணாடி வைத்துப் பெரிதாக்கிக் காட்டிவிடும். குறுகிய ஆட்டம் மறைத்துவிடும். லார்டின் பதிவில் நாம் காண்பது அதைத்தான்: உலகின் முதல் மூன்று நான்கு பேரிடமிருந்து சிறு இடைவெளியில் நின்றவர், மற்றெல்லாரையும்விட மேலே.

சூழலும் உண்டு. இங்கிலாந்தில் ஒரு நல்ல ஆட்டக்காரர் வாரத்தில் மூன்று நாள் பப் லீக், கவுண்டி ஆட்டம், பண ஆட்டம் என்று தன்னைவிட வல்லவர்களோடு எறிந்துகொண்டே இருப்பார். அழுத்தம் அவருக்கு அன்றாடச் சோறு. ஸ்டாக்ஹோமில் ஆடுபவருக்கு அந்த அளவு எதிராளிகள் கடல் தாண்டினால்தான். நீண்ட ஆட்டத்தின் நடுவில் தாளம் தப்பிப்போய் மீண்டு வருகிற கலை, அப்படி அடிக்கடி தோற்று வென்று பழகினால்தான் கைக்கு வரும். டபுள் துல்லியம் மட்டும் தனியாக நின்று எறிந்தாலும் வளரும். குறுகிய ஆட்டத்தில் லார்ட் பட்டம் வரை போனதற்கும் நீண்ட ஆட்டத்தில் அரையிறுதியில் நின்றதற்கும் இந்த வித்தியாசம் ஒரு காரணமாக இருக்கும் என்பது எங்கள் கணிப்பு. எண்களால் இதை நிரூபிக்க முடியாது, ஆனால் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் அல்லாத ஆட்டக்காரர்கள் பலரின் பதிவும் இதே வடிவில்தான் இருக்கிறது.

குறுகிய ஆட்டத்துக்குத் தயாராகிறவர்கள் லார்டின் வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. கை சூடாக இருக்கும்போது நூறு லெக் ஆடுவதால் மூன்று லெக் ஆட்டத்துக்குத் தயாராக முடியாது. ஒன்பது டார்ட் மட்டும் எறிந்து சூடேற்றிக்கொண்டு, உடனே ஒரு மூன்று லெக் ஆட்டம். பிறகு டார்ட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்பது நிமிடம் வேறு வேலை. திரும்பி வந்து ஒன்பது டார்ட், அடுத்த ஆட்டம். ஒரு மாலையில் இப்படி நான்கு. முதல் லெக்கில் எத்தனை டார்ட் எறிந்தீர்கள் என்பதை மட்டும் எழுதி வையுங்கள். பெரும்பாலானோருக்கு முதல் லெக் மூன்று நான்கு டார்ட் அதிகமாகும். அந்த அதிகப்படி குறையும் வரை வேறு எதையும் திருத்த வேண்டாம். ஒரு முழு முறை பின்தங்கித் தொடங்குபவருக்கு மூன்று லெக் ஆட்டத்தில் கிடைப்பது இரண்டு லெக்தான்.

இன்றைய பாதை

நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு போட்டி 1990இல் நின்றது. 1997இல் ஒரே ஒருமுறை உயிர்ப்பித்தார்கள், ஃபில் டெய்லர் வென்றார். பப்பிலிருந்து நேராக இறுதி மேடைக்குப் போகும் வழி அதோடு மூடிவிட்டது. இன்று ஒரு ஸ்வீடன் ஆட்டக்காரர் முழுநேரத் தொழில்முறைக்குள் வர வேண்டுமானால் தகுதிப்பள்ளி எனப்படும் ஜனவரிப் போட்டியில், தொழில்முறைச் சுற்றில் ஆடும் உரிமை தரும் அட்டையை எடுக்க வேண்டும். அட்டைகள் மொத்தம் 128, இரண்டு வருடத்துக்குச் செல்லும். இரண்டு வருட முடிவில் பணத் தரவரிசையில் முதல் 64க்குள் இல்லையென்றால் அட்டை போய்விடும். மாற்று வழி, வடக்கு ஐரோப்பிய நாடுகளுக்கான நோர்டிக்-பால்டிக் சுற்று. அதில் மேலே வந்தால் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓர் இடம்.

ஜெஃப்ரி டி கிராஃப் இந்தக் காலத்து ஆள். நெதர்லாந்தில் பிறந்து அங்கே ஆடிவந்தவர், ஸ்வீடனில் குடியேறி ஸ்வீடனுக்காக ஆடுகிறார். 2024 டிசம்பரில் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் சுற்றில் இருமுறை உலகச் சாம்பியனான கேரி ஆண்டர்சனை 3-0 என்று வீழ்த்தினார். ஐந்து செட் ஆட்டத்தில் ஒரு செட்டும் விடாமல். அதே போட்டியில் கடைசி 16 பேரில் மைக்கேல் வான் கெர்வனிடம் 4-2 என்று தோற்றார். வான் கெர்வன் இறுதி ஆட்டம் வரை போனார். அரை நூற்றாண்டு இடைவெளியிலும் அதே வடிவம்: பேர்பெற்ற ஒருவரைத் தள்ளிவிட்டு முன்னேறுவது, பிறகு அந்தப் போட்டியின் இறுதி ஆட்டக்காரரிடம் நீண்ட ஆட்டத்தில் நிற்பது.

ஒரு வித்தியாசம் பெரியது. டி கிராஃப் அந்த ஒரு போட்டியில் எடுத்தது 35,000 பவுண்டு, பட்டம் வென்ற லூக் லிட்லருக்கு 5 லட்சம். டி கிராஃபின் பரிசுப்பணம் தரவரிசைக் கணக்கில் இரண்டு வருடம் நின்று, அடுத்த போட்டிகளின் வாசலைத் திறக்கும். 1978இல் வெம்பிளியில் வென்ற லார்டுக்குக் கோப்பை கிடைத்தது, அடுத்த வருடத்துக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. மறுபடி தகுதி பெற்று, மறுபடி எட்டு அடிக் கோட்டில் நின்று, எந்த ஆட்டத்திலும் இரண்டு லெக்குக்குள் தோற்கலாம் என்ற நிலையில்தான் 1980 பட்டத்தை எடுத்தார். அந்த இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்ற டேவ் விட்கோம் அதே கோப்பையை எடுக்க இன்னும் ஒன்பது வருடம் ஆனது, 1989 வரை.